கண்ணுக்குத் தெரியாத வயலின்காரர்கள்

இன்று எங்கள் ஊரான குளுவாங்கில் தங்கையின் கல்யாணம். அவள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது ஒலிக்கும், வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்த ஆர்க்கெஸ்ட்ரா இசையை நானே லேப்டாப்பில் செய்திருந்தேன். வயலின்கள் இயந்திரம் மாதிரி கேட்டுவிடுமோ என்று ஒவ்வொரு சுரத்தின் அழுத்தத்தையும் தனித்தனியாகத் திருத்தியிருந்தேன். ஆனாலும் பயம்தான்.

இசை முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா வேகமாக என்னிடம் வந்தார்.

"தம்பி, வயலின் வாசிச்சவங்க எல்லாம் எங்க? சாப்பிட வரச் சொல்லுங்க லா. பாவம், பசியோட வாசிச்சிருப்பாங்க!"

"ஆளே இல்ல அத்தை. எல்லாம் இந்த லேப்டாப்தான்."

"அலமாக்! அத்தன பேரு வேலையையும் நீங்க ஒருத்தரா செஞ்சீங்க?"

அத்தனை பேருக்கான சோற்றையும் என் இலையிலேயே போட்டுவிட்டார்.

வயலின்காரர்களின் பங்கை முடித்துவிட்டேன். புல்லாங்குழல்காரர்களின் பங்கு பார்சலில் இருக்கிறது. குளுவாங்கில் யாருக்காவது பசிக்கிறதா?