இன்னொரு ஹேவர்ஷா

மிட்டன்ராய்டு என்ற ஆங்கிலேயப் பள்ளத்தாக்கு ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கிரீன்வுட் மேல்தான் விழவேண்டும். பால் ஊற்றுகிறவன் கிரீன்வுட், பல் பிடுங்குகிறவன் கிரீன்வுட், சவப்பெட்டி செய்கிறவனும் கிரீன்வுட். தங்களுக்குள் சொந்தமே இல்லை என்று சத்தியம் செய்வார்கள். கொஞ்சம் தோண்டினால் அத்தனை பேரும் சொந்தம். பெயரை வைத்து ஆளைப் பிடிக்க முடியாததால் பட்டப்பெயர்தான் வழி. பஸ் ஓட்டிய வில்ஃப் கிரீன்வுட் ‘பஸ் வில்ஃப்’. கோழி வளர்த்த வில்ஃப் கிரீன்வுட் ‘கோழி வில்ஃப்’. இருவரையும் ஒரே நாளில் தேடி வந்த தபால்காரன் பாடு திண்டாட்டம்தான்.

ஹில்டா ஹேவர்ஷாவுக்குப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. ஊரில் ஹேவர்ஷா என்றால் ஒரே வீடு. அதில் அப்பா ஏமஸும் அவளும் இருந்தார்கள். அப்பா போன பிறகு அவள் மட்டும்.

ஹேவர் என்றால் அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் ஓட்ஸ். ஷா என்றால் சின்னத் தோப்பு. மேட்டுக்கு மேலே ஓட்ஸ் வயலை ஒட்டி அப்படி ஒரு தோப்பும் பண்ணையும் இருந்தன. அங்கேயே குடியிருந்த வரைக்கும் யாரும் அதைப் பெயராக வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அந்த இடத்துக்காரர்கள், பிறகு எதற்கு? பிழைக்க வழியில்லாமல் ஒருவன் கீழே இறங்கி வந்தான். நாம் காரைக்குடிக்காரர், கம்பத்துக்காரர் என்கிற மாதிரி கீழே இருந்தவர்கள் அவனை ஹேவர்ஷாக்காரன் என்றார்கள். அது அவன் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. கிரீன்வுட்டும் இதே வகைதான். ஏதோ ஒரு பச்சைக் காட்டோரத்திலிருந்து வந்தவனின் பெயர். ஆனால் அவர்களுக்கு வீட்டுக்கு எட்டுப் பிள்ளை பிறந்து எட்டும் நிலைத்தன. ஹேவர்ஷாக்களுக்கு ஒன்று பிறந்தால், அதுவும் யுத்தத்துக்குப் போய்த் திரும்பாது.

கடைசியில் நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று மேட்டில் அணை கட்டினார்கள். பண்ணையும் தோப்பும் தண்ணீருக்குள் போயின. ஏமஸுக்கு அது தாங்கவில்லை.

“இடம் முழுகிடுச்சு, ஹில்டா. பேரு ஒண்ணுதான் வெளிய நிக்குது. உன்னைக் கட்டறவன் நம்ம பேரை எடுத்துக்கணும். இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்.”

கல்யாணமானால் பெண்தான் புருஷன் பெயருக்கு மாறுவது அங்கே வழக்கம். பெற்ற மகளிடம் பேசுகிற பேச்சா இது! அவளும் சரி என்று தலையாட்டினாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அந்த வருஷம் வசந்தகாலத் திருநாள் ஊர்வலத்தில், பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடந்துகொண்டே பஸ் வில்ஃப் அவளைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். அப்போது அவன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன். இருவரும் ஓராண்டாகப் பழகியவர்கள். ஹில்டாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். “முடியாது” என்றாள். காரணம் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் ஆணிடம் உன் பெயரை விடு என்பது பாவாடை கட்டிக்கொள் என்பது மாதிரி. அவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் அந்த ஊர் மனிதர்கள் அப்படித்தான், நெஞ்சு வெடித்தாலும் வாய் திறக்காது. வில்ஃப் மார்ஜரியைக் கட்டினான், நாலு பிள்ளைகள் பெற்றான், டிக்கெட் கிழிப்பதை விட்டு டிரைவர் ஆனான்.

ஹில்டா மில்லில் துணியின் ஓட்டை தேடித் தைத்தாள். மில் மூடியதும் பள்ளிச் சமையலறையில் கஸ்டர்டு ஊற்றினாள். அப்பா தொண்ணூறு வயது வரை இருந்து, பேரைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு வந்த சனிக்கிழமைகளில் கறிக்கடைக்காரன் தவறாமல் கேட்டான்: “ஒரு துண்டு மட்டும்தானா, கண்ணு?” நல்ல மனதோடுதான் கேட்டான். அவளுக்கு அவன் கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கும்.

கிறிஸ்துமஸ் விருந்தில் ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கிற காகித வெடி உண்டு. ஹில்டா ஒரு முனையை மேஜை இழுப்பறையில் வைத்து இறுக்கி மூடி, மறு முனையைத் தான் இழுப்பாள். வெடிக்கும். உள்ளே இருக்கும் காகிதக் கிரீடத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். தனிமை என்றால் இதுதான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அவளுக்கு அறுபத்தாறு வயதாகும்போது தேவாலயக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ‘பை’யும் வேகவைத்த பட்டாணியும் சாப்பாடு. அதற்குப் பிறகு பென்ஃபோல்டு என்பவர் குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேசினார். வந்தவர்களின் பெயரைக் கேட்டு, அது எங்கிருந்து வந்தது, இன்றைக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொன்னார்.

“கிரீன்வுட் பல ஆயிரம் பேர்” என்றார்.

“அத்தனை பேரும் இன்னிக்கு இங்கதான் சாப்பிட வந்திருக்காங்க” என்று கோழி வில்ஃப் கத்தினான். கூடமே சிரித்தது.

“ஹேவர்ஷா” என்றாள் ஹில்டா.

பென்ஃபோல்டு கையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “அடடா! இந்த வருஷத்து வாக்காளர் பட்டியல்ல நாட்டுக்கே ரெண்டு பேருதாம்மா.”

“ஜாக்கிரதை ஹில்டா, பிடிச்சுட்டுப் போய் மிருகக்காட்சி சாலையில அடைச்சுடுவாங்க!” என்றான் கோழி வில்ஃப்.

ஹில்டா காதில் எதுவும் விழவில்லை. ரெண்டு பேர்! ஒன்று அவள். இன்னொருவர், நோட்டில் இருந்தபடி, கடலோர ஊரான மோர்க்கம்பில் ஜே. ஹேவர்ஷா. ஓட்டுப் போடும் வயது வராத பிள்ளைகள் பட்டியலில் வரமாட்டார்களே. அந்த வீட்டில் மூன்றோ நாலோ இருக்கலாமே. பெயர் தன்னோடு முடியவில்லை என்று தெரிந்தால் போதும், அப்பாவின் கல்லறைக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கலாம்.

வெளியே வரும்போது பஸ் வில்ஃப் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மார்ஜரி போய் மூன்று வருஷம். “மோர்க்கம்புக்குப் பஸ்ல போனா மூணு வண்டி மாறணும். நான் கூட்டிட்டுப் போறேன். சும்மாதானே கிடக்கேன்” என்றார்.

“பெட்ரோலுக்கு நான் தருவேன்.”

“தந்து பாரு, நடுவழியில இறக்கி விட்டுடறேன்.”

ஹில்டா இஞ்சிக் கேக் சுட்டாள். ஊர்வலத்துக்குப் போகிறவள் போல நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் பேசினாள், அவள் இவ்வளவு பேசி வில்ஃப் பார்த்ததே இல்லை. பசங்களுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள், அப்பாவின் மூக்கு யாருக்காவது வந்திருக்குமா என்றெல்லாம்.

ஜே. ஹேவர்ஷா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் தலையை நீட்டினாள்.

“ஜிம்மையா தேடறீங்க? ஐயோ கண்ணு, அவரு பிப்ரவரியிலயே போய்ச் சேந்துட்டாரே. உங்களுக்குத் தெரியாதா?”

“அவர் பிள்ளைங்க?” என்றாள் ஹில்டா.

“ஒத்தை ஆளு. ஒரு பூனை வச்சிருந்தாரு, அது இப்ப என்கிட்டதான் இருக்கு. நம்ம பேருல வேற யாராச்சும் இருக்காங்களான்னு ஒரு தடவை லைப்ரரிக்குப் போய் டெலிபோன் புத்தகமெல்லாம் பாத்தாரு. யாருமே இல்லைன்னு என்கிட்ட வந்து உக்காந்தாரு, பாவம். நீங்க யாரு?”

ஹில்டா வீட்டில் டெலிபோன் கிடையாது. ஏமஸுக்கு அது பிடிக்காது.

“சும்மா, தெரிஞ்சவங்க” என்றாள். கேக்கை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினார் வில்ஃப். கடல் வெகுதூரம் உள்வாங்கிப் போயிருந்தது, கண்ணுக்கெட்டிய வரை ஈர மணல். ஹில்டா அழவில்லை. ஆனால் அத்தனை வருஷம் சொல்லாததை அங்கே சொன்னாள். அப்பாவின் நிபந்தனை, தலையாட்டியது, ஊர்வலத்தில் முடியாது என்றது, எல்லாம்.

“பேரைக் காப்பாத்தறேன்னு கல்யாணமே பண்ணிக்கலை. இப்பப் பாரு, என்னோட முடியுது” என்றாள்.

வில்ஃப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“இதுக்காகவா?”

“இதுக்காகத்தான்.”

“நான் குட்டையா இருக்கேன், அதான் வேண்டாங்கறேன்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் அதைத்தான் நினைச்சுட்டிருந்தேன்.” “ஏம்மா, நம்ம ஊருல கிரீன்வுட்டுக்குப் பஞ்சமா? ஒருத்தன் குறைஞ்சா யாருக்குத் தெரியப்போவுது? அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, மறுநாளே வக்கீல்கிட்ட போய் மாத்தியிருப்பேன். நீ கேக்கவே இல்லையே, ஹில்டா.”

நாலு பிள்ளைகள். அவர்களுக்குப் பிள்ளைகள். அத்தனை பேரும் ஹேவர்ஷாவாக இருந்திருப்பார்கள்.

“இப்பக் கேட்டா?” என்றாள். வெளியே பார்த்துக்கொண்டுதான் கேட்டாள்.

வில்ஃப் ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

“மார்ஜரி கல்லறைக் கல்லுல கீழ எனக்கு இடம் விட்டு வெட்டியிருக்காங்க. கிரீன்வுட்னு மேல ஒரே தடவைதான் போட்டிருக்கு, ரெண்டு பேருக்கும் சேத்து.”

“ஆமா. அது அப்படித்தான் இருக்கணும்” என்றாள் ஹில்டா.

பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினாள். அந்த நாளில் அவர் குடிக்கிற மாதிரியே, பொட்டலத்திலிருந்து இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக் கலக்கி நீட்டினாள்.

வில்ஃப் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. “நான் சர்க்கரை விட்டுப் பத்து வருஷமாச்சும்மா” என்றார்.

அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.