போட்டோ முன்னால் எரிந்த போன்

"மேடம், செத்தவங்க பணம் அனுப்புவாங்களா?"

பதவி உயர்வில் திருக்கழுக்குன்றம் கிளைக்கு உதவி மேலாளராக வந்த முதல் வாரம். டோக்கன்கூட எடுக்காமல் நேராக என் மேஜைக்கு வந்து நின்ற ஓர் அம்மாள் இப்படிக் கேட்டார். வங்கி வேலையில் எத்தனையோ கிறுக்குக் கேள்விகளைச் சந்தித்தவள் நான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னேன்.

பெயர் விஜயா. கணவர் எலக்ட்ரீஷியன், கூடுவாஞ்சேரி அடுக்குமாடிகளில் வேலை பார்த்தவர். போன மாதம்தான் மாரடைப்பில் இறந்திருந்தார். மகளின் நர்சிங் படிப்புக்கான பணம் முழுக்க கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்த கணக்கில் இருந்தது. மொபைல் பேங்கிங் அவருடைய நம்பரில். அவர் இறந்ததை விஜயா எங்களிடம் சொல்லவே இல்லை.

"சொன்னா அந்த நம்பரை எடுத்துடுவீங்க. அதான் சொல்லல. அவரு போனை போட்டோ முன்னால வெச்சி சார்ஜ் போட்டே வெச்சிருந்தேன். விளக்கு வெக்கிற நேரத்துல ஸ்கிரீன் தானா எரியுது மேடம். நான் பேசினா பதில் சொல்லுது."

"மெசேஜ் வருதா?"

"இல்ல. ஸ்கிரீன்ல தானா எழுத்து வுழுது. 'விஜிம்மா, நான் இங்கதான் இருக்கேன்'னு. அவரு அப்டித்தான் கூப்டுவாரு. நேத்து கொஞ்சம் பணம் போயிருக்கு. கேட்டா, 'நல்ல காரியத்துக்கு அனுப்பினேன்'னு வந்துச்சி."

நான் வாயைத் திறப்பதற்குள், அவர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த அந்த போன் தானாக எரிந்தது. யாரும் தொடவில்லை. திரை இப்படியும் அப்படியும் நகர்ந்தது. எங்கள் வங்கியின் ஆப் திறந்துகொண்டது. பட்டப்பகலில், வாடிக்கையாளர் கூட்டத்துக்கு நடுவில் இது நடந்தது.

"யாராவது போன் பண்ணி ஏதாவது ஆப் போடச் சொன்னாங்களா?"

"காரியம் முடிஞ்ச மறுநாள் ஒருத்தரு இந்த போனுக்குத்தான் பண்ணாரு. இன்சூரன்ஸ் பணம் வரும்னு லிங்க் அனுப்பிச்சாரு. போட்டேன். அதுலயே பின் நம்பர் கேட்டுச்சி, அதையும் போட்டேன்."

விளங்கிவிட்டது. எங்கேயோ உட்கார்ந்து எவனோ இந்த போனை இயக்குகிறான். பழைய மெசேஜ்களைப் படித்து, அவர் எப்படிப் பேசுவார் என்று தெரிந்துகொண்டிருக்கிறான். மொபைல் பேங்கிங்கை பிளாக் செய்யக் கணினிப் பக்கம் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து சர்வர் படுத்துவிட்டது.

"அம்மா, உடனே ஆஃப் பண்ணுங்க!"

விஜயா போனை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "மாட்டேன் மேடம். ஆஃப் பண்ணா அவரு திரும்பி வரமாட்டாரு."

போன் ஒருமுறை அதிர்ந்தது. விலக்கிப் பார்த்தார். திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது.

'விஜிம்மா, அந்த மேடம் பேச்சைக் கேக்காத. ஆஃப் பண்ணாத. எப்பவும் ஆன்லயே வை.'

அவன் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

விஜயா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். முகம் மாறியது.

"இன்னாது, எப்பவும் ஆன்லயே வெக்கணுமா?" என்று போனைப் பார்த்தே கேட்டார். பிறகு என்னிடம், "இது அவரு இல்ல மேடம். ரூமை வுட்டு வெளிய வந்தா ஃபேன் ஓடக்கூடாது அவருக்கு. சார்ஜ் ஏறிடுச்சி, பிளக்கைப் புடுங்குனு உயிரை எடுப்பாரு. அந்த மனுசனா ஆன்ல வெக்கச் சொல்லுவாரு?"

பட்டனை அவரே அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது.

அப்புறம்தான் அழுதார். "இத்தினி நாளா எவன்கிட்ட மேடம் நான் அழுதுகினு இருந்தேன்?"

சர்வர் வந்ததும் கணக்கைப் பிளாக் செய்தேன். சைபர் க்ரைமுக்குப் புகார் போனது. முதலில் போன பணம் போனதுதான். மகளின் படிப்புப் பணம் தப்பியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். "பின் நம்பரை யாருக்காவது சொன்னீங்களா" என்று எல்லோரும் கேட்கிறோம். இறந்தவருடைய போன் என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

பிறகு இறப்புச் சான்றிதழோடு நம்பர் மாற்ற வந்த விஜயாவிடம் நானும் அதைக் கேட்டேன்.

"போட்டோ முன்னாலதான் கீது மேடம். ஆஃப் பண்ணி, பிளக்கையும் புடுங்கிட்டேன். இப்பதான் அவரு வெச்ச மாதிரியே கீது."