ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுக்கு ஒன்பது கேள்விகள்

உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் சுற்றி வளைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். டிப்ளமோவோடு படிப்பை நிறுத்தியவன் நான். புரியாத இடம் வந்தால் அம்மாவிடம் கேளுங்கள். இதில் பாதிக்கு மேல் அவளுடைய கதைதான்.

பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. நியூ ஜெர்சியில் ஐசலினுக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். நான் பனியன் துணி நெய்யும் மில்லில் மெஷின் மெக்கானிக். கோயம்புத்தூரில் உங்கள் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஆறே வாரத்தில் முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவள் போகாமல் தாலி ஏறாது.

என்னால் போக முடியவில்லை. மில்லில் ஜெர்மனியிலிருந்து நான்கு புது மெஷின் வந்து இறங்கியிருந்த நேரம். அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட அந்த ஊர் பிட்டர் ஒருவர் வந்திருந்தார். அவர் கூடவே நின்று கற்றுக்கொள்ள முதலாளி என்னைப் போட்டிருந்தார். அப்போது லீவு கேட்டால், திரும்பி வரும்போது என் இடத்தில் வேறு ஆள் நிற்பான்.

ஆக, அம்மா உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தனியாகப் போவதென்று முடிவானது. பள்ளி விடுமுறைக் காலம். ஓக் ட்ரீ ரோட்டில் டிக்கெட் போட்டுத் தருகிறவர், எல்லா விமானமும் நிரம்பிவிட்டது, ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றார். காலையில் ஃபிராங்க்பர்ட்டில் இறங்க வேண்டும். மெட்ராஸ் விமானம் மறுநாள்தான். நடுவில் ஒரு பகலும் ஓர் இரவும்.

"ஒரு நைட்தான சார்? ஹோட்டல்ல ஃப்ரெஷ்ஷா குளிச்சிட்டு ஏறுவாங்க. நீங்க ஏன் சார் இவ்ளோ டென்ஷன் ஆகறீங்க?" என்றார் அவர்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் லாட்ஜ் என்றால் எப்படியென்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பெண் தனியாகப் போய் ரூம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கழுத்தில் தாலியும் இடுப்பில் குழந்தையும் இருந்தால்கூட, கூட ஆம்பளை யாரும் வரலையா என்று மேனேஜர் மேலும் கீழும் பார்ப்பான். பக்கத்து அறையில் சீட்டாடுகிறவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். என் மனதில் இருந்த லாட்ஜ் அதுதான். அதை அப்படியே தூக்கி ஜெர்மனியில் வைத்து, அதற்குள் உங்கள் மூவரையும் நிறுத்திப் பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் மில்லில் பிட்டரிடம் கேட்டேன். அவர் அதிகம் பேசாத ஆள், ஆறடிக்கு மேல் உயரம். மெஷின் ஊசி வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஹோட்டலின் பெயரையும் ஃபேக்ஸ் நம்பரையும் எழுதித் தந்தார். தானே அங்கே பலமுறை தங்கியிருப்பதாகவும், சுத்தமான இடம், ஆடம்பரம் கிடையாது என்றும் சொன்னார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதினேன். மொத்தம் ஒன்பது கேள்வி. கணவன் கூட வராத பெண்ணுக்கு அறை தருவீர்களா? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா? லிஃப்ட் உண்டா? எங்கள் ரைஸ் குக்கரை அங்கே சொருகலாமா? குழந்தைக்குப் பால் காய்ச்சித் தருவீர்களா? ஏர்போர்ட்டிலிருந்து வரும் ரயிலில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும்? இப்படியே போய், ஒன்பதாவதாக, வாசலில் சாவி கொடுப்பவர் ஆணா பெண்ணா என்று கேட்டிருந்தேன்.

அதோடு விட்டேனா? குடும்பப் பெண்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டாமா என்று யோசித்து, எங்கள் கல்யாண போட்டோவையும் காப்பி எடுத்து ஃபேக்ஸில் சேர்த்து அனுப்பினேன். மாலையும் கழுத்துமாக நாங்கள் நிற்கும் அந்தப் போட்டோதான், இப்போது ஹாலில் மாட்டியிருப்பது.

பிட்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, உன் மனைவி அங்கே ஒரு ராத்திரி தங்கப் போகிறாளா, ஒரு வருஷமா என்று கேட்டார். மில்லில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு கேள்வியைக்கூட அடிக்கவில்லை.

பதில் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஆபீஸ் ஃபேக்ஸ் மெஷினைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். வந்த பதில் ஒரே தாள்தான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அறை தருவோம். தாழ்ப்பாள் உண்டு. லிஃப்ட் இல்லை, ஆனால் முதல் மாடியிலேயே அறை ஒதுக்குகிறேன். ரைஸ் குக்கர் வேண்டாம், இங்கே கரன்ட் வேறு, கருகிவிடும். ஒன்பதாவதுக்கு, சாவி கொடுப்பது நான்தான், நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்று இருந்தது. அடியில் தனியாக ஒரு வரி. போட்டோ தேவையில்லை, மேலும் அது முழுக்கக் கறுப்பாக வந்திருக்கிறது.

அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கறுப்பா வந்ததே நல்லதுங்க. இல்லாட்டி ரூம் இல்லைன்னுருப்பாங்க" என்றாள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜெர்மன் விசாவுக்காக நியூயார்க் போனோம். நீங்கள் இங்கே பிறந்தவர்கள், உங்களுக்கு அந்த விசா தேவையில்லை. அம்மாவுக்கு வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர் சொன்னாள், பிறந்த தேதி சொன்னாள். கணவர் பெயர் என்ன என்று கேட்டதும் வாய் மூடிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மறுபடியும் கேட்டார். அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டி, என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். அதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் முத்திரை விழுந்த சந்தோஷத்தில், அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதை அங்கேயே மறந்துவிட்டேன்.

அதன் பிறகு வீட்டில் ஒத்திகை. சோபாதான் ஏர்போர்ட், சமையலறை ரயில், படுக்கையறை ஹோட்டல். அம்மா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். நான் குறுக்கே நின்று, பாஸ்போர்ட் எங்கே, ஹோட்டல் பேப்பர் எங்கே என்று கேட்பேன். மூன்றாவது தடவை அவள் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஏனுங்க, நான் ஊருக்குப் போறனா, நாடகத்துக்குப் போறனா? அடுப்புல ரசம் பொங்குது, விடுங்க."

பெரியவளுக்கு ஹோட்டல் பெயரை மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்த நீளமான ஜெர்மன் பெயரை நர்சரிப் பாட்டு மாதிரி பாடிக்கொண்டே வீட்டைச் சுற்றுவாள். இன்னொரு தடவை சொல் கண்ணு என்றால், "ஐ நோ இட், அப்பா" என்று சலித்துக்கொள்வாள்.

எல்லாம் சரி, போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் செய்தது. நாம் கூப்பிடும் போனுக்கு எடுக்கிறவரே காசு கட்டும்படி ஆபரேட்டரிடம் சொல்லலாம், அதைக் கலெக்ட் கால் என்பார்கள். ஆபரேட்டர் முதலில், இன்னாருக்கு அழைப்பு, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அந்த ஆள் இங்கே இல்லை என்று வைத்துவிட்டால் யாருக்கும் செலவில்லை, ஆனால் சேதி வந்து சேர்ந்துவிடும். இது நேர்மையான வேலை இல்லைதான். நீங்கள் பழகிக்கொள்ள வேண்டாம்.

நான் போட்ட திட்டம் இது. எல்லாம் நல்லபடி என்றால் அம்மா என் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நான், அவர் இல்லை என்று வைத்துவிடுவேன். ஏதாவது சிக்கல் என்றால் உங்கள் மாமா பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் ஏற்றுக்கொண்டு பேசுவேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"உங்க பேரையா?"

"ஆமா."

"வேற பேரு எதாச்சும் வச்சுக்கலாமுங்களே."

"கொழப்பாத புள்ள. நல்லதுன்னா என் பேரு, கெட்டதுன்னா மச்சான் பேரு. இதைவிட ஈஸியா எப்படிச் சொல்றது?"

அவள் தலையாட்டினாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

நெவார்க் ஏர்போர்ட்டில் உங்களை ஏற்றிவிட்டேன். புளிசாதப் பொட்டலம், பருப்புப் பொடி, ஹோட்டல் தாளின் மூன்று காப்பி. ஒன்று அம்மா பையில், ஒன்று பெட்டியில், ஒன்றை மடித்துப் பெரியவளின் ஸ்வெட்டர் பைக்குள் வைத்து ஊக்குக் குத்தினேன். அந்தக் கதவுக்குப் பின்னால் போகும்வரை சின்னவன் கை ஆட்டிக்கொண்டே இருந்தான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் நிறைந்திருந்தது.

காலை ஏழு மணிக்குப் போன் வர வேண்டும். அங்கே மத்தியானம் ஒரு மணி, அதற்குள் அறைக்குப் போய் ஓய்வெடுத்திருப்பார்கள் என்பது என் கணக்கு. மில்லுக்குப் போக உடுத்திக்கொண்டு, ஆறரைக்கே போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழானது. ஏழரையானது. ரிசீவரை எடுத்துச் சத்தம் வருகிறதா என்று பார்த்தேன். எடுத்த நேரத்தில் அழைப்பு வந்திருக்குமோ என்று உடனே வைத்தேன். ரயிலில் தப்பான பக்கம் இறங்கியிருப்பார்களோ? அந்த அம்மாளுக்கு இன்று விடுமுறையாகி, வேறு எவனாவது சாவி கொடுக்க நின்றிருப்பானோ? ஒன்பது கேள்வி கேட்டேனே, பத்தாவதாக இதைக் கேட்காமல் விட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். எட்டு மணிக்கு மில்லில் மெஷின் ஓடத் தொடங்கியிருக்கும். பிட்டர் என்னைத் தேடுவார். தேடட்டும்.

எட்டே காலுக்கு மணி அடித்தது. அமெரிக்க ஆபரேட்டர். ஜெர்மனியிலிருந்து கலெக்ட் கால் என்றாள். அடுத்து அவள் சொன்னது உங்கள் மாமா பெயர்.

யெஸ், யெஸ், அக்செப்ட் என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"என்னாச்சு புள்ள? கொழந்தைக எங்க? ரூம் குடுக்கலியா?"

அந்தப் பக்கம் அம்மா குரல் கோபமாக வந்தது.

"ஏனுங்க, எதுக்கு எடுத்தீங்க? வச்சுருக்கோணுமல்ல?"

"கொழந்தைக எங்க?"

"தூங்குதுக. சாப்ட்டுட்டு நல்லாத் தூங்குதுக. ரூமெல்லாம் நல்லாருக்குது. சின்னவன் வுடாம அழுதான், அதான் லேட்டு. அந்தம்மா பால் காச்சிக் குடுத்தாங்க. இப்பக்கூட அவுங்கதான் போன் போட்டுக் குடுத்தாங்க."

"அப்பறம் எதுக்கு மச்சான் பேரைச் சொன்ன? எனக்கு உசுரே போச்சு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உங்க பேரை நான் எப்படிங்க சொல்றது? அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட வெரலை வச்சுக் காட்டிப்போட்டேன். போன்ல எங்க காட்டறது?"

கல்யாணமாகி ஏழு வருஷம். அவள் வாயால் என் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் அம்மா தன் கணவர் பெயரைச் சொன்னதில்லை, என் அம்மா சொன்னதில்லை, அவளும் சொல்ல மாட்டாள். முன்பின் தெரியாத ஆபரேட்டரிடம், அதுவும் பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது, சொல்லவே மாட்டாள். ஜெர்மனியில் கதவுத் தாழ்ப்பாள் எப்படியிருக்கும் என்று கேட்டு எழுதியவன், தினமும் என்னை ஏனுங்க என்று கூப்பிடுகிறவளைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வேறு பெயர் வைக்கலாம் என்று அவள் சொல்லத்தான் பார்த்தாள். நான்தான் குழப்பாதே என்றேன்.

"நீங்களாத் தெரிஞ்சுக்குவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

எப்படியும் காசு போகிறதே என்று சாவகாசமாகப் பேசினோம். சாவியில் ஒரு பித்தளைக் குண்டு தொங்குகிறதாம், சின்னவன் அதை விடமாட்டேன் என்கிறானாம். ஜன்னலைத் திறந்தால் டிராம் வண்டி போகிறதாம். பெரியவள் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரரிடம் ஹோட்டல் பெயரைப் பாடிக் காட்ட, அவர் வாசல் வரை கொண்டு வந்து விட்டாராம்.

மில்லுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனேன். பிட்டர் ஒன்றும் கேட்காமல் ஸ்பேனரை நீட்டினார்.

கல்யாணம் முடிந்து திரும்பும்போதும் அதே ஊரில் அதே ஹோட்டல். இந்த முறை நான் கேள்வி எதுவும் அனுப்பவில்லை. போனில் எந்தப் பெயரைக் கேட்பது என்பதை மட்டும் அம்மாவையே முடிவு செய்யச் சொன்னேன். அவள் பெரியவளின் பெயரை வைத்தாள்.

அன்று காலை சரியாக ஏழு மணிக்கு ஆபரேட்டர் கூப்பிட்டு, பெரியவளே, உன் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவள் இங்கே இல்லை, நாளைக்கு வருகிறாள் என்று சொல்லி வைத்தேன். அந்த மாதிரிப் போனில் நான் பொய் சொல்லாத ஒரே தடவை அதுதான்.