பெட்டிக்குள் பதினாறு மணி நேரம்

எங்கள் கட்டடத்தில் அவருக்குப் பெயர் ஐஸ் அண்ணன். ஃபிரிட்ஜ் மெக்கானிக். குளிர் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது, ஆனால் கடிகாரம் ஏமாற்றிவிட்டது.

ஊரில் இருக்கும் தங்கைக்கு ஓர் ஊசி மருந்து தேவை. அங்கே கிடைக்கவில்லை. இங்கே வாங்கித் தானே கொண்டுபோகக் கிளம்பினார். எட்டு டிகிரியைத் தாண்டினால் அது வெறும் தண்ணீர். உறைந்துபோனாலும் அதே கதி.

மருந்துக்கடைக்காரர் கேட்டார். “பயணம் எவ்வளவு நேரம்?”

அண்ணன் விமான டிக்கெட்டைப் பார்த்தார். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலை ஏழுக்கு இறங்குகிறது. “பத்து மணி நேரம். முன்னே பின்னே அஞ்சு சேத்துக்குங்க.”

பதினாறு மணி நேரம் தாங்கும் பெட்டி ஒன்று வந்தது, மூடியில் குளிர் காட்டும் முள்ளோடு.

இதுவரை மலிவு டிக்கெட்டில், நடுவே இரண்டு இடங்களில் தூங்கி வழிந்தே ஊர் போனவர் அவர். நேராகப் பறக்கும் விமானம் இதுதான் முதல் தடவை. மேலே எழும்பியதும் எதிர்த் திரையில் எண்கள் வந்தன: மீதித் தூரம் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். மீதி நேரம் பதினான்கு மணி.

“இந்தத் திரை ரிப்பேரா சார்?”

“திரை நல்லாத்தான் இருக்கு” என்றார் பக்கத்து சீட்டுக்காரர். “டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊர் மணி. அங்க நாலு மணி நேரம் பின்னாடி ஓடுதுல்ல?”

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். முன்னே பின்னே அஞ்சோடு மொத்தம் பத்தொன்பது மணி நேரம், பெட்டி தாங்குவதோ பதினாறு. பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

“மருந்தை எங்க ஃபிரிட்ஜ்ல வைக்க அனுமதி இல்லைங்க. ஐஸ் வேணா தர்றேன். ஆனா அதுவும் எல்லாருக்கும் பங்கு போடணும்.”

கிடைத்த ஐஸைப் பையில் கட்டி, மருந்தில் நேராகப் படாமல் துண்டைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பின் ஜூஸ் வண்டி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முன் வரிசையில் ஒருவர் டம்ளர் நிறைய ஐஸ் கேட்டபோது, அண்ணனுக்கு அவர் தன் தங்கையையே கடித்துத் தின்பது போல இருந்தது.

“என்ன சார், பெட்டிக்குள்ள பிள்ளையா தூங்குது? நிமிஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பாக்கறீங்க?”

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் கேலியை விட்டார். வண்டி வந்ததும், “எனக்கு ஐஸ் வேண்டாம், என் பங்கை இவருக்குக் குடும்மா” என்றார். முன் வரிசைக்காரரின் தோளையும் தட்டினார். “உங்களதும் போடுங்க சார், தொண்டைக்கு நல்லது.”

அப்படியும் கடைசி இரண்டு மணி நேரம் பையில் வெறும் தண்ணீர்தான். முள் ஆறைத் தாண்டியது. ஏழைத் தொட்டது. ஓடுபாதை கிடைக்காமல் விமானம் வானத்திலேயே ஒரு வட்டம் சுற்றியது. அண்ணன் தன் சட்டையைக் கழற்றிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

இறங்கி வந்தபோது, விமான நிலையத்துக்கு வெளியே தங்கையின் கணவர் நின்றார். “என்ன மச்சான், பனியனோட வர்றீங்க?”

“பேச்சு அப்புறம் மாப்ளே. வண்டிய எடு, ஏசிய முழுசா வை.”

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களைக்கு ஓடினார். முள், எட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. மருந்தை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தி, அதன் மேலேயே நெற்றியைச் சாய்த்தார்.

“அண்ணே!” உள்ளறையிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். “நோயாளி இங்க இருக்கேன். ஃபிரிட்ஜை அப்புறம் கொஞ்சிக்கலாம்.”

“இரும்மா,” என்றார், கதவின் ரப்பரை விரலால் தடவியபடி. “இது சரியா மூடலை.”