பஸ் இன்ஜின் சூட்டில் மறைந்த கோடுகள்

மறுநாள் தங்கைக்குக் கல்யாணம். சேந்தமங்கலம் டெய்லர், நான் வாங்கிப் போன, சூடு பட்டால் அழியும் பேனாவால் ரவிக்கைத் துணியில் வெட்டுக்கோடுகள் போட்டுத் தந்தார். அந்தக் கோட்டைப் பார்த்து அம்மா வெட்டித் தைக்க வேண்டும். பஸ்ஸில் கூட்டம். பையை இன்ஜின் பெட்டி மேல் வைத்தேன். மலையேறி ஊர் வந்து பிரித்தால், துணியில் ஒரு கோடும் இல்லை.

"எதைப் பாத்து வெட்டறது கண்ணு?" என்றார் அம்மா.

பேனா வந்த அட்டையை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். கடுங்குளிரில் கோடு திரும்பத் தெரியும் என்றிருந்தது. மளிகைக்கடை ஐஸ் பெட்டியில் துணியை வைக்கக் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, துணிக்குக் காய்ச்சலுங்களா?" என்றார் கடைக்காரர்.

ஒரு மணி நேரத்தில் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. காலையில் தங்கை அந்த ரவிக்கையோடுதான் மணையில் உட்கார்ந்தாள்.

இப்போதெல்லாம் கோடு அழிந்தாலும் தெரியும்படி, டெய்லர் அதன் மேல் நூலோட்டித் தந்த பிறகே துணியை வாங்கி வருகிறேன். பஸ்ஸில் பை என் மடியில்தான் இருக்கும்.