ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.

ரேணுகா பொய் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை. நாற்பத்திரண்டு வயதில் அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றை மூன்று வருடமாக வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, செருப்பை மாட்டிக்கொண்டே, அடுப்படிப் பக்கம் திரும்பாமல் சொல்வாள்.

"ம்மா, ஓ.டி.க்குப் போயிட்டு வரேன்."

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு ஓ.டி. என்றால் மறுபேச்சு கிடையாது. கூடுதல் நேர வேலைக்குப் போகிறவளை எங்கே என்றும் கேட்க மாட்டார்கள், எப்போது வருவாய் என்றும் கேட்க மாட்டார்கள். காதுகுத்துக்கு வராதவன், மச்சினன் கல்யாணத்துக்கே வராதவன், எல்லாரும் அந்த இரண்டெழுத்தைச் சொல்லித் தப்பித்திருக்கிறார்கள். ரேணுகாவும் அதையே பிடித்துக்கொண்டாள். அவள் ஸ்கூட்டர் போனது தொழிற்சாலைக்கு இல்லை, நெமிலிச்சேரியில் துலுக்கானத்தின் மைக் செட் கொட்டகைக்கு. அங்கே சீரியல் பல்புச் சுருள்களுக்கும் கோன் ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் அவர் வாடகைக்கு விடும் ஒரு டிரம்ஸ் செட் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் நான்கு மணி நேரம் அதை அடிக்கத்தான் இத்தனையும்.

அவளுக்கு டிரம்ஸ் வந்தது ஆயுத பூஜையால். அப்பா பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட, கருணை அடிப்படையில் வேலை அவளுக்கு வந்தது. ஃபிட்டர் வேலை. ஸ்பானரும் கிரீஸும் கைக்குப் பழகிப் பல வருடம் ஆன பிறகு, ஒரு ஆயுத பூஜைக்கு மனமகிழ் மன்றத்து ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்து பொட்டு வைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. உடைந்த கேரம் போர்டுகளுக்குப் பின்னால், யாரோ எப்போதோ ஆர்கெஸ்ட்ராவுக்கு என்று வாங்கிப் போட்ட டிரம்ஸ் செட் கிடந்தது. தூசி தட்டினாள், சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்டூல் இருக்கிறதே என்று உட்கார்ந்தாள். குச்சி இருக்கிறதே என்று எடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, அதே செக்‌ஷனில் வேலை பார்க்கும் தினகரன் கதவைத் தட்டியபோதுதான் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

"எங்கக்கா கத்துக்கினீங்க?" என்றான்.

"எங்கயும் இல்லப்பா. சும்மா தட்டினேன்."

"இது சும்மா தட்டறதா?" என்று அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

தினகரன் கிடார் வாசிப்பான். அவனுக்கு இரண்டு நண்பர்கள். சேலத்திலிருந்து வந்து நெமிலிச்சேரி ஃபிளாட்டில் குடியிருந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் எழில், பாட்டு எழுதிப் பாடுபவன். பேஸ் கிடாருக்கு அஸ்வின், தாடி வைத்த பையன், அதிகம் பேச மாட்டான். ஆளுக்கு முப்பது வயது இருக்கும். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாமல் ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. ரேணுகா போய் உட்கார்ந்ததும் பேண்டுக்கு 'லெவல் கிராசிங்' என்று பெயர் வைத்தார்கள். பாட்டெல்லாம் சொந்தப் பாட்டு. தண்ணி லாரிக்கு ஒரு பாட்டு, ஏழு நாற்பது ரயிலுக்கு ஒரு பாட்டு, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட மழைக்கு மெதுவாக ஒரு பாட்டு. நுங்கம்பாக்கத்திலும் அடையாரிலும் சின்னச் சின்ன இடங்களில் ஐந்தாறு முறை வாசித்தார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர், "ஆவடியா? அது திருவள்ளூர் மாவட்டமாச்சே!" என்பார். அது சரியான தகவல்தான். அதனால்தான் எரிச்சல் அதிகமாக வந்தது.

இதை அம்மாவிடம் சொன்னால் என்ன? சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ரேணுகாவின் கணவன் ஒரு மாலை சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான், போனவன் போனவன்தான். அந்த வருடம் முழுக்கக் குவார்ட்டர்ஸுக்கு வேறு பேச்சே இல்லை. அம்மா மங்களம் அந்த ஒரு வருடம் பால் பூத் வரிசைக்கே போகவில்லை. பக்கத்து பிளாக் கனிமொழிதான் பாக்கெட் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். தன்னால் அம்மா இன்னொரு முறை தலை குனியக் கூடாது என்று அன்றைக்கு ரேணுகா முடிவு செய்தாள். கணவன் இல்லாதவள் ஞாயிற்றுக்கிழமை மூன்று ஆண்களோடு கொட்டகையில் இருக்கிறாள் என்று ஒருத்தி வாயில் விழுந்தால் போதாதா? அந்த பயத்தில் விளைந்ததுதான் ஓ.டி.

போன கார்த்திகையில் தொழிற்சாலையில் ஓ.டி.யை நிறுத்திவிட்டார்கள். அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். குவார்ட்டர்ஸ் முழுக்க ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் திட்டு வாங்கினார்கள். கனிமொழியின் கணவர் வேறு வேலை இல்லாமல் வாராவாரம் வண்டியைக் கழுவினார். ரேணுகாவும் அந்தத் தாளைப் படித்தாள். படித்துவிட்டு அடுத்த ஞாயிறும் ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, "ம்மா, ஓ.டி.க்குப் போயிட்டு வரேன்" என்றாள். பதின்மூன்று வருடமாக மில்லிமீட்டர் பிசகாமல் வேலை பார்க்கிற பெண், இதில் கோட்டை விட்டாள். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு ஃபேக்டரி சமாச்சாரம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டாள்.

மங்களம் ஒன்றும் கேட்கவில்லை. மார்கழி பிறந்ததும் டிபன் பையில் இரண்டாவதாக ஒரு டப்பா வந்தது. அவ்வளவுதான்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"கூட இருக்கறவங்களுக்கும் குடுத்துச் சாப்பிடு" என்றாள் மங்களம், இட்லிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே. நெய் இட்லி, தேங்காய் சாதம், சில வாரம் வடைகூட. கொட்டகையில் நான்கு பேரும் அதைப் பிய்த்துப் பிடுங்கித் தின்றார்கள்.

ஆனி மாதத்தில் எழில் அந்தப் பேச்சை எடுத்தான். "நம்ம ஊர்லயே ஒரு ஷோ பண்ணணும். ஆடியில கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் சும்மாதான் கெடக்கும். கேட்ட தேதி கிடைக்கும்."

"ஆவடியில மட்டும் வேணாம்ப்பா" என்றாள் ரேணுகா.

"ஊர் ஊரா நம்ம ஊரப் பத்திப் பாடறோம்க்கா. நம்ம ஊர்ல ஒருத்தர்கூடக் கேட்டதில்ல."

அவள் ஒத்துக்கொண்டாள். இரண்டு நிபந்தனை போட்டாள். போஸ்டரில் தன் முகம் வரக் கூடாது. தேதியைத் தான்தான் சொல்வேன். ஆடி மூன்றாம் ஞாயிறு, சாயங்காலம் நான்கு மணி என்றாள். அன்றைக்குத்தான் குவார்ட்டர்ஸ் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். முப்பது வருடமாக அகப்பை மங்களம் கையில்தான் இருக்கும், பொழுது சாயும்வரை அண்டாவை விட்டு நகர மாட்டாள். ரேணுகா போட்ட கணக்கில் ஓட்டையே தெரியவில்லை. போஸ்டரும் வந்தது. மூன்று பேருடைய முகம், நடுவில் குச்சி பிடித்த இரண்டு கைகள்.

அந்த ஞாயிறு நெமிலிச்சேரி மண்டபத்தில் அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். மணமேடையில் டிரம்ஸ். முதல் பாட்டு தண்ணி லாரி, மண்டபம் அதிர்ந்தது. சொந்த ஊர்க் கைதட்டல் இப்படித்தான் இருக்குமா என்று ரேணுகா தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். இரண்டாவதாக ஏரிப் பாட்டு. எழில் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியை எடுத்தான். அந்த நேரம் பார்த்து, வாசலில் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த கோன் ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

"பக்தகோடிகள் பாத்திரத்தோட வரிசைல வரவும். கூழ் ஊத்த ஆரம்பிச்சாச்சு. வண்டிய எடுத்து ஓரமா உடுங்க நைனா!" அதோடு அம்மன் பாட்டு, முழுச் சத்தத்தில்.

குவார்ட்டர்ஸ் அம்மனுக்கு மூன்றாம் ஞாயிறு என்றால் நெமிலிச்சேரி அம்மனுக்கும் அதே ஞாயிறாக இருக்கலாம் என்பது ரேணுகாவுக்குத் தோன்றவே இல்லை. எழில் இரண்டு முறை மறுபடி ஆரம்பித்தான். இரண்டு முறையும் கூழ் அறிவிப்பு வந்தது. கூட்டம் சிரித்தது. எழில் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கைக் கீழே தாழ்த்தினான்.

"துலுக்கானம் அண்ணே, அது உங்க கோன்தானே?" என்றான் தினகரன்.

"ஆமாங்கிறேன். சாமி விசயம் மாமே, நான் இன்னா பண்ண முடியும்? பத்து வருசமா அவங்களுக்கும் நான்தான் கட்டிகினு கீறேன்" என்று கையைப் பிசைந்தார் துலுக்கானம். "நீங்க வேற தேதி வச்சிருக்கலாம்ல?"

மூன்று பேரும் ரேணுகாவைப் பார்த்தார்கள். யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழில் இந்தப் பாட்டை இந்த ஊரில் பாட எவ்வளவு ஆசைப்பட்டான்! ஒரு வீட்டுப் பொய்க்காக நான்கு பேருடைய நாளைப் பாழாக்கிவிட்டோமே என்று இருந்தது. குச்சியைக் கீழே வைத்தாள்.

"நான் போய்க் கேட்டுப் பாக்கறேன்."

வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். வேப்பிலைப் பந்தலுக்குக் கீழே, மைக் மேசைக்கு முன்னால், மஞ்சள் புடவையில் டிபன் பையோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள் மங்களம்.

"ஒரு அரை மணி நேரம் அமத்துங்கம்மா. நானும் முப்பது வருசமா கூழு ஊத்துறவதான். ஆத்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டா. உள்ள என் பொண்ணு ஓ.டி. பாக்குறா."

"கல்யாண மண்டபத்துல ஓ.டி.யா?" என்றாள் பந்தலில் இருந்த ஒரு பெண்.

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

கோன் பாதி வரியில் நின்றது. மங்களம் திரும்பினாள். மகளைப் பார்த்ததும் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"பால் பூத்துல போஸ்டர் ஒட்டியிருக்கு. கட்டைவிரல்ல ஸ்பானர் பட்ட அந்தத் தழும்பு எனக்குத் தெரியாதா? அகப்பையக் கனிமொழி கையில குடுத்துட்டு வந்தேன்."

"ம்மா... ஓ.டி...."

"ஓ.டி. நின்னு எட்டு மாசமாச்சு. கனிமொழி வீட்டுக்காரர் வண்டி கழுவுற சத்தம் எனக்கும்தான் கேக்குது."

"அப்ப ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ போகாம நின்னுடுவ" என்றாள் மங்களம். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சரி, அது போகட்டும். யாரு அவரு? அந்தத் தாடிக்காரப் பையனா? வயசு கம்மியா தெரியுதே. இல்ல, வாசல்ல ஒயர் இழுத்துக்கிட்டிருந்த அந்த மைக் செட்காரரா? யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதம். வாயத் தொறந்து சொல்லு."

ரேணுகாவுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகு இரண்டாவது டப்பா, நெய் இட்லி, வடை எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது.

"யாரும் இல்லம்மா. நான் டிரம்ஸ் வாசிக்கப் போனேன். அவ்வளவுதான்."

"மேளம் அடிக்கறதுக்கா மூணு வருசம் பொய் சொன்ன?"

"மேளம் அடிக்கத்தான்."

"யாருமே இல்லையா?" என்றாள் மங்களம். ரேணுகா திட்டை எதிர்பார்த்திருந்தாள், கண்ணீரை எதிர்பார்த்திருந்தாள், இந்த ஏமாற்றத்தை எதிர்பார்க்கவில்லை. ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் விடியற்காலையில் எழுந்து, முகம் தெரியாத ஒரு மருமகனுக்குச் சமைத்திருக்கிறாள் அம்மா. தன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து மகள் பொய் சொல்ல, அந்தப் பொய் கலைந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். நடுத்தெருவில் நின்று ரேணுகா அழுதாள்.

"ஏய், கண்ணத் தொடைச்சுக்க. அப்ப அந்த டப்பாவ யாருடி சாப்பிட்டது?"

"நாங்க நாலு பேரும்தான்."

"ஒரு டப்பாவ நாலு பேரா?" மங்களத்துக்கு மூன்று வருடப் பொய் உறைக்கவில்லை, இதுதான் உறைத்தது. "கொஞ்சமாச்சும் அறிவிருக்கா? மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? சரி, போ உள்ள. அரை மணிதான் வாங்கி வச்சிருக்கேன்."

ஏரிப் பாட்டை எழில் முழுதாகப் பாடினான். ரேணுகா குச்சியால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மங்களம். பாட்டு அவளுக்குப் பிடித்ததா என்று தெரியவில்லை. மேடையில் இருந்த ஆண்களை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டு, அப்புறம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னபடி அரை மணியில் கோன் மறுபடி கத்தியது. கச்சேரி கேட்க வந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து போய்க் கூழ் வரிசையில் நின்றார்கள், குடித்துவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு ரேணுகா செருப்பை மாட்டினாள். வாய் வரை வந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

"ஓ.டி.க்கு நேரமாச்சு, இந்தா" என்று மங்களமே பையை நீட்டினாள். பை கனத்தது. உள்ளே ஐந்து டப்பா. நான்கு ஒரே அளவு, ஐந்தாவது மட்டும் பெரியது.

"இது யாருக்கும்மா?"

"அந்த மைக் செட்காரருக்கு. பாவம், எல்லாத்தையும் தூக்கிச் சுமக்கறாரு." மங்களம் வேறு எங்கோ பார்த்தாள். "அவருக்குக் குடும்பமெல்லாம் இருக்கா?"

"இருக்கும்மா. பேரனே எடுத்துட்டாரு."

"அப்படியா" என்ற மங்களம், ஐந்தாவது டப்பாவைத் திறந்து, அதிலிருந்து இரண்டு வடையை எடுத்து ரேணுகாவின் டப்பாவில் வைத்து மூடினாள்.