கல்லாப்போன ஒரு மூட்டை சிமெண்ட்

அப்போ கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனி கட்டிக்கினு இருந்தாங்க. பாதிக் கட்டடம் எழும்பியிருந்தது. பாதி பள்ளமாக் கெடந்தது. அங்க நான் தினக்கூலி. செடிக்குத் தண்ணி ஊத்துற வேலை.

கேட்டாண்ட வெச்சிருந்த மண் தொட்டிங்க லாரி திரும்பும்போதெல்லாம் இடிபட்டு உடையும். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். ஒரு இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பிரிச்சுப் படம் காட்டினார். சிமெண்ட்டுல செஞ்ச பூந்தொட்டி.

"இதை வீட்லயே செய்யலாமாம். எட்டு வேணும். கட்டடம் திறக்கறதுக்குள்ள செஞ்சுடும்மா. நல்லா வந்தா உன் பேரை ரிஜிஸ்டர்ல ஏத்திடறேன்."

ரிஜிஸ்டர்ல பேர் ஏறினா வேலை நிலைக்கும். இல்லைன்னா கட்டடம் முடிஞ்ச அன்னிக்குக் கூலிக்காரங்க எல்லாரும் வெளிய. அது தெரியும். சிமெண்ட் எங்கேருந்து வரும்னு தெரியாது. "சரிங்க சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

சிமெண்ட் இல்லாம இல்ல. கம்பெனி கொடவுன்ல மூட்டை மூட்டையா அடுக்கியிருந்தது. அதுக்குப் பக்கத்துலதான் தண்ணிக் குழாய். சாயங்காலம் வெளிய வரும்போது பொம்பளைங்க எல்லாரும் கேட்டாண்ட நின்னு, எதையும் ஒளிச்சு எடுத்துக்கினு போவலன்னு முந்தானைய உதறிக் காட்டணும். அதுல ஒட்டின சிமெண்ட் தூசியக்கூட நான் தட்டி விட்டுட்டுத்தான் வருவேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது.

ஊட்டுக்காரர் கவரைப்பேட்டை ஸ்டேஷனாண்ட கைவண்டி இழுக்கிறவர். அவர்கிட்ட சொன்னேன்.

"சிமெண்ட்டுலயா? செடிக்கு மாடி ஊடு கட்டப் போறியா?"

"சார் சொன்னார்."

"சிமெண்ட்டு அவரு குடுப்பாரா?"

"சொல்லல."

"நீ கேக்கல."

"கேக்கல."

மத்ததெல்லாம் சேர்ந்துச்சு. அச்சுக்கு மண்ணெண்ணெய் டின்னு ரெண்டு. ஒரு பக்கம் வெட்டி, கம்பி போட்டுக் கட்டிக்கினோம், அப்பறம் பிரிக்க வசதியா. உள்ள வைக்க டால்டா டின்னு. ஒட்டாம இருக்க உள்பக்கம் தடவ லாரி ஷெட்டுல கழிச்ச ஆயில். அடியில ஓட்டைக்குப் பப்பாளித் தண்டு. மணல் என் தம்பி கொண்டாந்தான். பழவேற்காட்டுல மீன் பிடிக்கிறவன். ஒரு சாக்கு நிறைய வெள்ளை மணல், சலிச்ச மாதிரி. நான் பொறந்த ஊர் மணல்.

சிமெண்ட்டுதான் இல்ல. அந்தக் காலத்துல கடைக்குப் போய்ச் சிமெண்ட் குடுன்னா குடுக்க மாட்டான். பெர்மிட்டு வேணும். அரை நாள் லீவு போட்டுப் பெர்மிட்டு ஆபீஸ் போனேன். கிளார்க்கு கேட்டார்.

"எத்தினி ரூமு?"

"ரூமு இல்லீங்க. தொட்டி."

"தண்ணித் தொட்டியா?"

"பூந்தொட்டிங்க."

பேனாவ மூடிட்டார். "ஊட்டு பிளான் இருந்தா எடுத்துகினு வாம்மா. பூவுக்கெல்லாம் அப்ளிகேஷன் பாரம் இல்ல."

பின்னால நின்னவங்க சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்தது. எதுக்குன்னு தெரியல.

ரெண்டு நாள் கழிச்சு ஊட்டுக்காரர் கைவண்டியில ஒரு மூட்டை கொண்டாந்தார். சிமெண்ட் மூட்டை. யாரோ ஊடு கட்டிப் பாதியில விட்டது. மழையில நனைஞ்சு கல்லாப் போயிருந்தது. தூக்கினு போன்னு சும்மாவே குடுத்துட்டாங்களாம்.

"கல்லா இருக்குதே" என்றேன்.

"வெல்லமும்தான் கல்லா இருக்குது. இடிச்சா தூளாவல?"

சரிதான்னு பட்டது. சுத்தியால உடைச்சோம். உரல்ல போட்டு இடிச்சேன். மூணு நாள் சாயங்காலம் அதே வேலை. பழைய வேட்டியில சலிச்சேன். அதே நெறம். அதே மாவு. கம்பெனி கொடவுன்ல பாக்கறது எதுவோ அதுதான் இது.

கலந்து, ஊத்தி, கோணி நனைச்சு மூடி வெச்சோம். ரெண்டு நாள் கழிச்சுக் கம்பிய அவுத்தேன். புட்டு மாதிரி உதிர்ந்தது.

"உங்க ஊரு மணலு. உப்பு" என்றார் ஊட்டுக்காரர்.

இருக்கும்னு நெனைச்சேன். ஆரணி ஆத்து மணல் வண்டியில கொண்டாந்தார். ஊத்தினோம். உதிர்ந்தது.

"உங்க ஆத்து மணலுக்கு இன்னா வந்தது?" என்றேன்.

அப்பறம் கிணத்துத் தண்ணி மேல சந்தேகம். கொஞ்சம் கரிக்கும். ஸ்டேஷன் குழாயிலேருந்து நல்ல தண்ணி கொண்டாந்தேன். உதிர்ந்தது. ஆயில் அதிகமோன்னு கம்மியாத் தடவினேன். உதிர்ந்தது. மணலும் மாறிச்சு, தண்ணியும் மாறிச்சு. தொட்டி மாறல. எதுல தப்புன்னு தெரியாம, எல்லாத்தையும் ஒருவாட்டி மோந்து பாத்தேன்.

பக்கத்து ஊட்டுல ஒரு மேஸ்திரி இருந்தார். சைக்கிள்ல போனவர் எறங்கி வந்து எட்டிப் பாத்தார்.

"இன்னா தங்கச்சி, வாசல்ல புட்டுக் கடையா?"

"தொட்டிண்ணே. நிக்க மாட்டேங்குது."

ஒரு துண்டை எடுத்து வெரல்ல நசுக்கினார். மூட்டையப் பாத்தார். உரலைப் பாத்தார்.

"இடிச்சியா?"

"ஆமாண்ணே."

"இது ஒருவாட்டி தண்ணி குடிச்சு எறுகிப்போன சரக்கு. இனிமே புடிக்காது."

"தூளாத்தானே இருக்குது."

"வெந்த சோத்தக் காயவெச்சு இடி. மாவுதான். அதுல இட்லி ஊத்துவியா?"

ஊட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தைத் தொடைக்கப் போயிட்டார்.

கட்டடம் திறக்க பத்துப் பதினஞ்சு நாள்தான் இருந்தது. மறுநாள் உதிர்ந்த துண்டு ஒண்ணைத் துணியில கட்டிக்கினு மேனேஜர்கிட்ட போனேன். ஆவலைங்க சார்னு சொல்லிடலாம்னு. நடந்ததைச் சொன்னேன். பெர்மிட்டு, உரல், மணல் எல்லாம். அவர் துண்டைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"ஏம்மா, கம்பெனி தொட்டிக்குக் கம்பெனி சிமெண்ட் எடுக்க வேண்டியதுதானே?"

"நீங்க சொல்லலிங்க."

"நீ கேக்கல."

ஊட்டுக்காரர் சொன்னதேதான். ஒரு சீட்டு எழுதிக் குடுத்தார். கொடவுன்ல அரை மூட்டை போட்டாங்க. தலையில வெச்சுக்கினு கேட்டாண்ட வந்தேன். ஒரு கையால மூட்டையப் பிடிச்சுக்கினு இன்னொரு கையால முந்தானையத் தட்டினேன்.

வாட்ச்மேன் சீட்டை வாங்கிப் பாத்தார். "தலையில மூட்டையே போவுது. நீ தூசியத் தட்றியே."

எட்டுத் தொட்டியும் நின்னுச்சு. ஊட்டுக்காரர் ஒண்ணு மேல ஏறி நின்னு பாத்தார். ஆத்து மணல்தான், கிணத்துத் தண்ணிதான். இடிச்ச தூளை வாசல் பள்ளத்துல கொட்டினோம்.

ரிஜிஸ்டர்ல பேர் ஏறிச்சு. கைநாட்டு வெச்சேன்.

அப்பறமும் தெனம் சாயங்காலம் கேட்டாண்ட நின்னு முந்தானைய உதறினேன். பேர் ஏறினவங்களும் உதறணுமா வேணாமான்னு யாரும் சொல்லல. கேக்கணும்னு நெனைப்பேன். கேக்கல.